ஐந்தாம் நம்பர் மானிட்டரில் வந்த பேய்

"கொடியேறி மூன்றாம் நாள், செவ்வாய். ஐந்தாம் நம்பர். புகார்: பேய். சு.மு."

ஒரு மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்த சின்னத் தாளில் இப்படி எழுதியிருக்கிறது. மானிட்டர் பழுது பார்க்கும் எங்கள் தொழிலில் இப்போது இருக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "அண்ணாச்சி, இது உங்க கையெழுத்துதானே? பேய்க்கு என்ன ஸ்பேர் மாத்துனீங்க?" என்று கீழே ஒரு கேள்வி. அதைப் பார்த்துவிட்டு மற்ற தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். போனில் சொன்னால் போதாதாம், எழுதித் தர வேண்டுமாம்.

கையெழுத்து என்னுடையதுதான். சு.மு. என்றால் சுடலைமுத்து. மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய கணக்கில் நாளைக் குறிப்பது தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கே ஒரு செய்தி கிடைத்தது. என் வரிக்குக் கீழே, நீல மையில், வேறு யாரோ ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

"போயிட்டு. சுத்திப் பார்த்தாச்சு."

அதாவது, பேய் போய்விட்டதாம். நான் தாளை ஒட்டிய அன்று அந்த வரி அங்கே இல்லை. இதை நினைத்து மூன்று நாளாகத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் தொழில் கற்றது செல்லத்துரை அண்ணாச்சி கடையில். பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு மாடிக்கடை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் தூசி தட்டினேன், இரண்டாம் வருடம் பற்றவைத்தேன், மூன்றாம் வருடம் ஷாக் அடித்தது. அப்போது மானிட்டர் என்றால் பானை வயிற்றுக் கண்ணாடிக் குழாய் மானிட்டர். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒரு முறை. நான் மற்ற முறையில் தெரிந்துகொண்டேன்.

அண்ணாச்சி சாத்தான்குளத்துக்காரர். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவர். ஆனால் கடைக்கு வருகிறவர் ஆங்கிலத்தில் கோளாறு சொன்னால் அவருக்கு ஆகாது. "பிளிக்கராகுது சார்" என்று யாராவது ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார்.

"அது புஸ்தகம் சொல்லுது. உங்க கண்ணு என்ன சொல்லுது?"

அவர்கள் விழித்துவிட்டு, பிறகு யோசித்து, கண் சொல்வதைச் சொல்வார்கள். அது எந்த வார்த்தையோ அதையே தாளில் எழுதி, நாளும் போட்டு, மானிட்டரின் முதுகில் ஒட்ட வேண்டும். மாற்றி எழுதக் கூடாது. அப்படி நான் ஒட்டிய புகார்களில் சில: "எழுத்து ஊறுது." "படம் கொட்டாவி விடுது." "இடது ஓரத்துல மஞ்சள் காமாலை." துறைமுகத்துக் கணக்கர் ஒருவர், "கப்பல் நிக்குது, கடல் மட்டும் ஆடுது" என்றார். அதையும் எழுதினேன். ஸ்பீக்கருக்குள் இருந்த டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருந்ததால் வந்த கோளாறு. ஸ்பீக்கரை நகர்த்தியதும் கடல் அடங்கியது.

அண்ணாச்சியின் சோதனைமுறை இன்னும் விசித்திரம். திரை முழுவதும் வெள்ளைப் பக்கம் திறந்துவைப்பார். ஒரு கை தூரத்தில் உட்கார்வார். திரையைப் பார்க்க மாட்டார், பக்கத்துச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பார். கடைக்கண்ணுக்குத்தான் துடிப்பு நன்றாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. அது உண்மையும்கூட. அதற்குப் பிறகு நீளமான திருப்புளி ஒன்றை வால் பக்கம் பிடித்து, திரைக்கு முன்னால் விசிறி மாதிரி இங்குமங்கும் வேகமாக வீசுவார். துடிக்கும் வெளிச்சத்தில் ஒரு திருப்புளி பல திருப்புளியாகத் தெரியும். விரித்த விரல்கள் மாதிரி இடைவெளி விட்டுத் தெரிந்தால் திரை நொடிக்கு அறுபது முறைதான் படம் வரைகிறது. பனையோலை விசிறி மாதிரி நெருக்கமாகத் தெரிந்தால் எண்பத்தைந்து.

ஒருநாள் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா வந்து, மூன்று மணி ஆனால் மண்டையிடி, கண்ணாடி மாற்றியும் போகவில்லை என்றார். அண்ணாச்சி அவர் மேசைக்கே போய்க் காலண்டரைப் பார்த்து, திருப்புளியை வீசி, கம்ப்யூட்டர் செட்டிங்கில் அறுபதை எண்பத்தைந்து ஆக்கிவிட்டு எழுந்தார். எதையும் கழற்றவில்லை. அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"இவ்வளவுதானா? விசிறினீங்க, போறீங்க. மந்திரிச்ச மாதிரில்லா இருக்கு."

"வேப்பிலை கிடைக்கல அம்மா. அதான் திருப்புளி" என்றார் அண்ணாச்சி. முகத்தில் சிரிப்பே கிடையாது.

மண்டையிடி போய்விட்டது.

பிறகு தட்டை மானிட்டர் காலம் வந்தது. எங்கள் கரையில் அதற்கு வந்த முதல் நோய், தொழிற்சாலையில் யாரும் எதிர்பார்க்காதது. காயல்பட்டினத்தில் ஒரு வீடு. வளைகுடாவிலிருந்து வந்தவர் மகனுக்குப் பெரிய மானிட்டர் வாங்கி வந்திருந்தார். பையன் பந்து விளையாட்டு ஆடுகிறான், பந்தே தெரியவில்லை, மூடுபனியாக இருக்கிறது என்று புகார். போய்ப் பார்த்தேன். கடையில் கண்ணாடி மேல் ஒட்டி அனுப்பும் பாதுகாப்புத் தாளைப் பிரிக்கவே இல்லை. அதன் மேல் இவர்களாக இன்னொரு பிளாஸ்டிக் உறையும் மாட்டியிருந்தார்கள்.

"இத ஏன் காக்கா எடுக்கல?" என்றேன். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எடுத்தா உப்புக்காத்து பட்டுப் பூத்துருமே அண்ணாச்சி. ஃபிரிட்ஜுக்கு அப்படித்தான் ஆச்சு."

ஃபிரிட்ஜ் நியாயம் எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் ஒரு மூலையைப் பிடித்து உரித்தேன். சர்ரென்று முழுத்தாளும் வந்தது. புல்தரை பச்சையாகவும் பந்து வெள்ளையாகவும் தெரிந்தன. வீட்டுக்காரர் "மாஷா அல்லாஹ்" என்றார். பையன் உடனே ஒரு கோல் வாங்கினான். அது மானிட்டர் குற்றமில்லை.

அதே காலத்தில் முத்து விற்கும் கடைக்காரர் ஒருவர் என்னைக் கிட்டத்தட்ட அழ வைத்தார். முத்தைப் படமெடுத்து வெளியூருக்குத் திரையில் காட்டி விற்பவர். "உக்காந்து பாத்தா முத்து வெள்ளையா இருக்கு. எந்திரிச்சு நின்னா மஞ்சளா இருக்கு. நான் எதச் சொல்லி விக்க?" என்றார். மலிவான பேனல்களின் குணம் அது. நேருக்கு நேர் பார்த்தால் ஒரு நிறம், மேலிருந்து பார்த்தால் ஒரு நிறம். எந்தப் பக்கம் நின்றாலும் நிறம் மாறாத பேனல் ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். ஆனால் வேகமான ஆட்டத்துக்கு அந்தக் காலத்தில் மலிவு பேனல்தான் சுறுசுறுப்பு. நல்ல நிறம் காட்டுவது கொஞ்சம் மந்தம். ஆட்டக்காரருக்கு ஒன்று, முத்துக்காரருக்கு வேறொன்று. எல்லாருக்கும் நல்ல மானிட்டர் எது என்று இன்றும் என்னைக் கேட்கிறார்கள். நான், யார் எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன்.

இனி பேய்க்கு வருகிறேன். நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருடம்.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஜெனிட்டா என்ற பெண் ஒரு கேமிங் சென்டர் நடத்திவந்தாள். எட்டு கம்ப்யூட்டர், எட்டு வளைந்த மானிட்டர். வீட்டின் கீழ்த்தளம் வாடகைக்கு. மாடியில் வீட்டுக்காரி பிலோமினா அக்கா. மாதா திருவிழாவை ஒட்டி வந்த சனிக்கிழமை திருநெல்வேலியிலிருந்து ஒரு அணி போட்டிக்கு வருவதாக இருந்தது. வெளியூர் அணி இங்கே வந்து ஆடுவது அதுவே முதல் தடவை. ஜெனிட்டா அதற்காகச் சுவருக்கெல்லாம் நீலப் பெயிண்ட் அடித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் போன் செய்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, ஹீரோ ஓடும்போது அவன் பின்னாலயே வெள்ளையா ஒரு ஆளு வாரான். அஞ்சாம் நம்பர்ல ரொம்ப மோசம். பசங்க எவனைச் சுடதுன்னு தெரியாம நிழலைச் சுடுதானுவ."

செல்லத்துரை அண்ணாச்சி உயிரோடு இருந்தால் என்னைக் கையைக் காட்டி நிறுத்தியிருப்பார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "அது கோஸ்டிங்மா. பேய் மாதிரி பின்னாலயே வரும். ஒண்ணுல இருந்தா எட்டுலயும் இருக்கும். பயப்படாத, சாயங்காலம் வந்து விரட்டிட்டுப் போறேன்."

"சரி சுடலை அண்ணாச்சி" என்றாள் ஜெனிட்டா.

மாடிப்படியில் துணிக்கூடையோடு நின்றிருந்த பிலோமினா அக்காவின் காதில் மூன்று சொல் விழுந்தது. கோஸ்ட். பேய். சுடலை.

மாலை நான் போனபோது வாசலில் அக்கா நின்றிருந்தார். பக்கத்தில் வெள்ளை அங்கியில் அவர்கள் கோயிலின் இளம் பாதிரியார், பங்குச்சாமி, கையில் தீர்த்தச் செம்போடு.

"நீங்கதான் சுடலையா?" என்றார் அக்கா.

"ஆமா அக்கா."

"பேரைப் பாருங்க சாமி. சுடுகாட்டுக்குக் காவல் இருக்கவரு, என் வீட்டுக்கு வந்து பேய் ஓட்டுதாராம்." பிறகு ஜெனிட்டா பக்கம் திரும்பினார். "ஏளா, தெளிவாச் சொல்லுதேன். இது நாலு புள்ளைக பொறந்த வீடு. சனிக்கிழமைக்கு முன்னால பேய் போகணும். போகலன்னா கம்ப்யூட்டரு போகணும்."

ஜெனிட்டா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். அவளுக்கு அது விளையாட்டில்லை. அந்த எட்டு நாற்காலிதான் அவள் பிழைப்பு. புதிதாக அடித்த நீலப் பெயிண்ட் இன்னும் வாசம் போகவில்லை.

சாமி என்னைத் தனியாக இழுத்தார். "அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க. மானிட்டர் மேல தெளிச்சா கெட்டுப்போகுமா?"

"தீர்த்தத்துல உப்பு போட்டிருக்கீங்களா சாமி?"

"மந்திரிச்ச உப்பு போட்டிருக்கேன்."

"அப்ப நாற்காலிக்கு மட்டும் தெளிங்க."

எட்டு நாற்காலிக்கும் வாசற்படிக்கும் தெளித்தார். ஒரு துளியும் திரைப்பக்கம் போகாமல் அவர் காட்டிய கவனம், எங்கள் தொழிலில் பலருக்கு வராது.

நான் ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்தேன். வழக்கப்படி, கண் என்ன சொல்கிறது என்று ஜெனிட்டாவைக் கேட்டேன். அவள் வாயைத் திறக்குமுன் அக்கா, "பேய்" என்றார். சரி, புகார் புகார்தான். எழுதி ஒட்டினேன்.

ஹீரோவை ஓட விட்டேன். பின்னால் வெள்ளை உருவம் சுத்தமாகத் தெரிந்தது. மானிட்டர் மெனுவைத் திறந்ததும் பாதி விளங்கிவிட்டது. இந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறத்துக்குப் போக நேரம் எடுக்கும். சீக்கிரம் போகட்டும் என்று மானிட்டர் அதை உந்தித் தள்ளும். அந்தத் தள்ளுதலைக் கூட்டவும் குறைக்கவும் மெனுவில் வழி உண்டு. பையன்கள் வேகம் வேண்டி அதை உச்சியில் வைத்திருந்தார்கள். அவசரக்கார டிரைவர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ரிவர்ஸ் எடுப்பது போல, புள்ளி தன் நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. அந்தத் தாண்டல்தான் வெள்ளை நிழல்.

குறைத்தேன். வெள்ளை உருவம் மறைந்தது. பெருமையோடு திரும்பினேன்.

"அந்தா, கறுப்பா ஒண்ணு வருது" என்றார் அக்கா.

வந்துகொண்டுதான் இருந்தது. இருட்டான குகைக்குள் ஹீரோ ஓடும்போது பின்னால் கறுப்பாக ஒரு வால்.

"வெள்ளைப் பேய விரட்டிட்டுக் கறுப்புப் பேயக் கொண்டாந்துட்டாரு, சாமி."

இந்த வகைப் பேனல் இருட்டில் கொஞ்சம் இழுவும், அது அதன் பிறவிக்குணம். ஆனால் இவ்வளவு இழுவக் கூடாது. ஜெனிட்டாவிடம், "இது நூத்தி நாப்பத்தி நாலுலதானே ஓடுது?" என்று கேட்டேன். நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு படம் வரையக்கூடிய மானிட்டர் அது.

"பெட்டியிலயே போட்டிருக்கே அண்ணாச்சி."

பெட்டியில் போட்டிருந்தால் ஓடும் என்று நானும் ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். பிறகுதான் திருப்புளி ஞாபகம் வந்தது. இந்த மானிட்டரின் வெளிச்சம் பழையது போலத் துடிப்பதில்லை, வீசினால் ஒன்றும் தெரியாது. ஆனால் மவுஸை வேகமாக வட்டம் சுற்றினால், திரையில் ஓர் அம்பு பல அம்பாகத் தெரியும். அதே கணக்குதான். சுற்றினேன். அம்புகள் விரித்த விரல் மாதிரி தள்ளித் தள்ளி நின்றன.

அறுபது. செட்டிங்கைத் திறந்தேன். அறுபதுதான். மெதுவாக வரையும் திரையில் உந்தலை உச்சியில் வைத்தால் பேய் வராமல் என்ன செய்யும்?

"இத யாரும்மா மாத்தினது?"

ஜெனிட்டா நெற்றியில் தட்டிக்கொண்டாள். "நான்தான். படம் அடிக்கடி அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சு. அறுபதுல வச்சதும் நின்னுட்டு. பெறவு மறந்தே போச்சு."

நூற்று நாற்பத்து நான்கைத் தேர்ந்தெடுத்தேன். திரை கறுப்பாகி அணைந்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

அணைவதற்குக் காரணம் வேண்டும். வயரைக் கழற்றினேன். சாமி தன் போனில் டார்ச் அடித்துக் குனிந்தார். முனைக்குள் வரிசையாக இருக்கும் தகடுகளில் பச்சையாகப் பூத்திருந்தது. கடல் வரும் திசையில் சன்னல், அதற்குக் கீழே ஐந்தாம் நம்பர். இப்படிப் பூத்த வயர், கொஞ்சம் படத்தைத் தாங்கும், நிறையப் படத்தைத் தாங்காது. அதனால்தான் அறுபதில் அடங்கியிருந்தது.

"உப்புதான் சாமி" என்றேன்.

சாமி செம்பைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார். "என்னோடது இல்ல. நான் நாற்காலிக்குத்தான் தெளிச்சேன்."

மற்ற ஏழு வயரிலும் பச்சை தொடங்கியிருந்தது, கடையிலிருந்து எட்டு வயர் வரவழைத்தேன். மாற்றினேன். நூற்று நாற்பத்து நான்கு நின்றது. எட்டிலும் உந்தலை நடுவில் வைத்தேன். ஹீரோ ஓடினான், தனியாக. ஜெனிட்டா கீபோர்டை என்னிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, ஓடி, தாவி, திரும்பி, நான்கு பேரைச் சுட்டுத் தள்ளினாள். சுட்டது நிழலை இல்லை.

ஆனால் தீர்ப்பு சொல்ல வேண்டியவர் அக்கா. அவர் நாற்காலியில் உட்கார மறுத்து நின்றுகொண்டிருந்தார். மவுஸைக் காட்டி, "நீங்களே சுத்திப் பாருங்க அக்கா" என்றேன்.

அக்கா முந்தானையைச் சரிசெய்தார். மாதா சிலை இருக்கும் கெபியைச் சுற்றி வருவது போல, மேசையை வலமாக ஒரு சுற்று சுற்றினார். மானிட்டரின் முதுகுப் பக்கம் நின்று நான் ஒட்டிய தாளைப் படித்தார். மறுபடி முன்னால் வந்து நின்றார்.

"சுத்திட்டேன். ஒண்ணும் தெரியல."

ஜெனிட்டா மேசைக்கு அடியில் போய்விட்டாள், சிரிப்பை மறைக்க. சாமி சன்னலுக்கு வெளியே ஏதோ பறவை பார்க்க ஆரம்பித்தார். நான் அக்காவின் கையை மவுஸ் மேல் வைக்கச் சொல்லி, வட்டம் போடச் சொன்னேன். முதலில் மாவு அரைப்பது போல நிதானமாகப் போட்டார். பிறகு வேகமாக. அம்புகள் பனையோலை விசிறி மாதிரி நெருக்கமாக விரிந்தன. அக்கா நிறுத்தவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"இது நல்லா இருக்கே" என்றார்.

நான் உண்மையை மறைக்கவில்லை. இருட்டுக் குகையில் உற்றுப் பார்த்தால் ஒரு சின்ன இழுவல் மிச்சம் இருக்கும், அது பேனலின் குணம், எடுக்க முடியாது என்றேன்.

"அந்த மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சாமி.

அக்கா இன்னும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சாமி ஜெபத்தை முடிக்கவும் ஒரு கையால் சிலுவை போட்டார், மற்றக் கை மவுஸில். "சனிக்கிழமை எத்தனை பேரு வாரானுவ?" என்று ஜெனிட்டாவைக் கேட்டார். அவள் பயந்து பயந்து, நான்கு பேர் என்றாள்.

"சோறு நான் ஆக்குதேன். திருநெவேலிக்காரனுவ நம்ம மீன் தின்னுட்டுத் தோத்துப் போகட்டும்."

அப்படியே தின்றார்கள். தோற்கவில்லை, ஜெயித்துவிட்டுப் போனார்கள். ஆனால் மானிட்டரைக் குறை சொல்லவில்லை, அடுத்த வருடமும் வந்தார்கள். சென்டர் இன்றும் அதே கீழ்த்தளத்தில் இருக்கிறது. தம்பி படமெடுத்து அனுப்பியதும் அங்கிருந்துதான்.

அந்த நீல மை வரியை யார் எழுதினார் என்று விசாரித்தேன். ஜெனிட்டா தான் இல்லை என்கிறாள், அவளுடைய கையெழுத்து சாய்ந்திருக்கும். சாமி வேறு பங்குக்கு மாறிப் போய்விட்டார். போனில் கேட்டதற்கு, "சாட்சியம் எழுத்துல குடுத்தா பிஷப் கேப்பாரு அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பிலோமினா அக்கா வீட்டு வாசல் பலகையில் "இங்கே வண்டி நிறுத்தக்கூடாது" என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறது. அந்த "சு"வைத் தேடிப் போனேன், பலகையில் "சு" இல்லை. "த்" மட்டும் இரண்டிலும் ஒன்று போல இருக்கிறது. நேரில் கேட்டேன். "எனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்தபடி.

ஆகவே, அந்த வரியை எழுதியவர் யார் என்பது இதை எழுதும் இன்று வரை உறுதியாகவில்லை. சுற்றிப் பார்த்தது மேசையையா, மவுஸையா என்பதும்.